நடுத்தர ரக எஸ்எஸ்டி எப்படிப் பாத்து எடுக்குறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹார்ட் டிஸ்க்ல இருந்து எஸ்எஸ்டிக்கு மாறினா நெஜமாவே அவ்ளோ வித்தியாசம் தெரியுமா?

தெரியும். எஸ்எஸ்டின்னா சுத்தற தட்டு இல்லாம ஃபிளாஷ் மெமரி சிப்லயே டேட்டாவை வைக்கற டிரைவ். ஒரு பழைய கம்ப்யூட்டருக்கு செய்யக்கூடிய அப்கிரேடுலயே பெருசு இதுதான், ப்ராசசர் மாத்துறதை விட, ரேம் கூட்டுறதை விட இதுதான் முதல்ல (ரேம் 4 ஜிபிதான் இருக்குன்னா மட்டும் ரெண்டையும் சேத்து யோசிங்க). ஏன்னா நிமிஷத்துக்கு 7200 தடவை சுத்தற (7200 ஆர்பிஎம்) ஹார்ட் டிஸ்க்ல வேண்டிய இடம் சுத்தி வர்றதுக்கே சராசரியா 4 மில்லி செகண்ட் ஆகும், ஹெட் நகர்ந்து போக இன்னொரு 8, 9 மில்லி செகண்ட், ஆக ஒரு துண்டு டேட்டாவை தேடிப் பிடிக்கவே 12 மில்லி செகண்ட் பக்கம் போயிடுது. எஸ்எஸ்டில அதே வேலை 0.1 மில்லி செகண்ட் அளவுல முடிஞ்சிடும். விண்டோஸ் பூட் ஆகறப்போ, பிரவுசர் தொறக்கறப்போ எல்லாம் ஆயிரக்கணக்கான சின்ன சின்ன ஃபைலைத்தான் படிக்குது, அதனாலதான் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியுது.

மிட் ரேஞ்ச்னு எதைச் சொல்றீங்க?

ஒரு பக்கம் டிரேம் (டிரைவுக்குள்ளயே இருக்கற சின்ன வேக மெமரி) இல்லாத சாட்டா (பழைய, மெதுவான இணைப்பு முறை) டிரைவ், க்யூஎல்சி (ஒரு செல்லுல 4 பிட் வைக்கற ஃபிளாஷ்) போட்ட மலிவு டிரைவ் எல்லாம் இருக்கு. இன்னொரு பக்கம் செகண்டுக்கு 14,000 எம்பி போற ஜென் 5 (பிசிஐஇ இணைப்போட 5ஆம் தலைமுறை) டிரைவ். நடுவுல இருக்கறது ஜென் 3 இல்லன்னா ஜென் 4 என்விஎம்இ (பிசிஐஇ வழியா ஓடற வேகமான வகை), டிஎல்சி (ஒரு செல்லுல 3 பிட்) ஃபிளாஷ், 5 வருஷ வாரண்டி, 1 டிபிக்கு 600 டிபிடபிள்யூ (வாரண்டிக்குள்ள எழுதக்கூடிய டெராபைட்) பக்கம். உதாரணத்துக்கு டபிள்யூடி பிளாக் எஸ்என்770 எடுத்துக்கோங்க, ஜென் 4, தனி டிரேம் கிடையாது, 1 டிபி மாடல்ல ரீட் 5150 எம்பி, எழுத்து தாங்கும் அளவு 600 டிபி. இந்த மாதிரி டிரைவைத்தான் நான் மிட் ரேஞ்ச்னு சொல்றேன். பத்துல ஒன்பது பேருக்கு இதுக்கு மேல தேவைப்படாதுங்கறது என்னோட உறுதியான கருத்து.

என் மெஷின்ல எது பொருந்தும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்பீடு பாக்கறதுக்கு முன்னாடி இதைத்தான் பாக்கணும், நிறைய பேர் இதை கடைசில பாத்துட்டு தவிக்கிறாங்க.

2.5 இன்ச் சாட்டா டிரைவ்னா பழைய லேப்டாப் ஹார்ட் டிஸ்க் இருக்கற இடத்துல அப்படியே உக்காந்துடும், டெஸ்க்டாப்ல சாட்டா கேபிளும் பவர் கேபிளும் இருந்தா போதும். ரொம்ப பழைய மெஷின்ல சாட்டா 2 இருந்தாலும் கவலைப்படாதீங்க, 550க்கு பதிலா 280 எம்பி பக்கம்தான் போகும், ஆனா தேடி எடுக்கற நேரம் குறையற லாபம் முழுசா கிடைக்கும்.

எம்.2 ஸ்லாட்லதான் குழப்பமே. எம்.2ங்கறது சின்ன பட்டை மாதிரி டிரைவை நேரா போர்டுல மாட்டற வெறும் வடிவம், உள்ள ஓடறது சாட்டாவா இருக்கலாம், என்விஎம்இயா இருக்கலாம். சில லேப்டாப்ல ஸ்லாட் பாக்க அதே மாதிரி இருக்கும், ஆனா சாட்டா மட்டும்தான் எடுக்கும், அதுல என்விஎம்இ டிரைவ் போட்டா பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகறப்போ வர்ற செட்டிங் பக்கம்) கண்ணுலயே படாது. டிரைவோட மாட்டற முனைல ரெண்டு வெட்டு இருந்தா பெரும்பாலும் சாட்டா, ஒரு வெட்டு இருந்தா பெரும்பாலும் என்விஎம்இ, ஆனா இதை மட்டும் நம்பிடாதீங்க, உங்க லேப்டாப் இல்ல மதர்போர்டோட மேனுவலை எடுத்து ஸ்டோரேஜ் பக்கத்தை படிச்சிடுங்க. நீளமும் பாக்கணும். 2280னா 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். சின்ன லேப்டாப்ல 2242, 2230 மட்டும்தான் நுழையும். ஒல்லி லேப்டாப்னா ரெண்டு பக்கமும் சிப் இருக்கற டிரைவ் உக்காராமப் போகலாம், ஒரு பக்கம் மட்டும் சிப் இருக்கறதா பாருங்க.

டெஸ்க்டாப்காரங்களுக்கு ரெண்டு விஷயம். சில போர்டுல எம்.2 ஸ்லாட்ல டிரைவ் போட்டா ஒண்ணு ரெண்டு சாட்டா போர்ட் ஆஃப் ஆயிடும், டிரைவ் மாட்டினதும் பழைய ஹார்ட் டிஸ்க் காணோம்னு பதறாதீங்க, கேபிளை வேற போர்ட்டுக்கு மாத்திப் பாருங்க. அடுத்தது, 2014க்கு முந்தின போர்டுகள்ல பெரும்பாலும் என்விஎம்இல இருந்து பூட் ஆகாது, பிசிஐஇ அடாப்டர் போட்டா டேட்டா டிரைவா தெரியும், அவ்ளோதான். அந்த மாதிரி மெஷினுக்கு நல்ல சாட்டா எஸ்எஸ்டியே போதும், தலைவலி இல்லாத வழி.

ஜென் 4 டிரைவை ஜென் 3 ஸ்லாட்ல போடலாமா?

தாராளமா. ஸ்பீடு 3500 எம்பில நின்னுடும். நாளைக்கு வேற மெஷினுக்கு மாத்தினா முழு வேகமும் வரும்.

டப்பால 7000 எம்பின்னு போட்டிருக்கே, அது பெருசா?

அந்த நம்பர் பொய் இல்ல, ஆனா உங்க வேலையைப் பத்தி அது ரொம்பக் கம்மியாத்தான் சொல்லுது. அது சீக்வென்ஷியல் ரீட், அதாவது ஒரே பெரிய ஃபைலை வரிசையா, ஒரே சமயத்துல நிறைய ரிக்வெஸ்ட் அனுப்பி படிக்கும்போது வர்ற உச்சம். நம்ம தினசரி வேலை அப்படி இல்லையே. 4 கேபி துண்டு துண்டா, ஒண்ணு முடிஞ்சதும் அடுத்ததுன்னு படிக்கிறதுதான் பெரும்பகுதி. ரிவ்யூல இதை 4கே ரேண்டம், க்யூ டெப்த் 1னு போட்டிருப்பாங்க. அங்க போய்ப் பாத்தீங்கன்னா நல்ல சாட்டா டிரைவ் 30, 40 எம்பி பக்கம் நிக்கும், என்விஎம்இ டிரைவ்ங்க 50ல இருந்து 90 எம்பிக்குள்ள இருக்கும், ஹார்ட் டிஸ்க் 1 எம்பியைக் கூடத் தொடாது. பாத்தீங்களா, டப்பால 550க்கும் 7000க்கும் பன்னெண்டு மடங்கு வித்தியாசம், ஆனா நெஜ வேலைல ரெண்டு மடங்கு வந்தாலே பெருசு. அதனாலதான் சாட்டால இருந்து என்விஎம்இக்கு மாறினவங்க பெருசா ஒண்ணும் தெரியலையேன்னு சொல்றாங்க, ஹார்ட் டிஸ்க்ல இருந்து மாறினவங்க பறக்குதுன்னு சொல்றாங்க.

ஜென் 4ங்கற பேரையும் வேகம்னு நெனச்சுடாதீங்க. கிங்ஸ்டன் என்வி2 ஜென் 4 டிரைவ்தான், ஆனா 1 டிபிக்கு அவங்களே கொடுத்த ரீட் ஸ்பீடு 3500 எம்பி, ஜென் 3 அளவுதான்.

பெரிய பெரிய வீடியோ ஃபைலை ரெண்டு வேகமான டிரைவுக்கு நடுவுல அடிக்கடி காப்பி பண்றவங்களுக்கு மட்டும் அந்த பெரிய நம்பர் வேலைக்கு ஆகும்.

டிஎல்சி, க்யூஎல்சி, இதுல எது முக்கியம்?

எனக்கு ஒரே ஒரு கேள்வி மட்டும் கேக்க விட்டா இதைத்தான் கேப்பேன். டிஎல்சின்னா ஒரு செல்லுல 3 பிட், க்யூஎல்சின்னா 4 பிட். 3 பிட்டுக்கு 8 வோல்டேஜ் நிலை பிரிச்சுப் பாத்தா போதும், 4 பிட்டுக்கு 16 நிலை. அதே சின்ன செல்லுக்குள்ள 16 நிலையைத் துல்லியமா வைக்கணும்னா மெதுவா, ஜாக்கிரதையா எழுதணும், செல்லும் சீக்கிரம் தேயும்.

அப்போ க்யூஎல்சி டிரைவ்ல எழுதும்போது ஏன் வேகமா தெரியுது? அங்கதான் எஸ்எல்சி கேஷ் வருது. காலியா இருக்கற செல்லுல 3, 4 பிட் போடாம தற்காலிகமா 1 பிட் மட்டும் போட்டு சடசடன்னு வாங்கிக்கும், அப்புறம் சும்மா இருக்கற நேரத்துல அதை மடிச்சு அடுக்கி வைக்கும். சமையல்கட்டு மேடை மாதிரி, சாமானை முதல்ல மேடைல எறக்கி வச்சிட்டு அப்புறம் நிதானமா டப்பால கொட்டறது. மேடை நிரம்பிடுச்சுன்னா அடுத்த சாமானுக்கு இடமில்ல, நேரா டப்பால கொட்டித்தான் ஆகணும், அங்கதான் வேகம் விழுது.

எவ்ளோ விழும்? சாம்சங் 870 க்யூவிஓ நல்ல உதாரணம், ஏன்னா இதை அவங்களே ஸ்பெக்ல வெளிப்படையா போட்டிருக்காங்க. 1 டிபி மாடல்ல கேஷ் 42 ஜிபி, அது வரைக்கும் 530 எம்பி, அது தீந்ததும் 80 எம்பி. ஹார்ட் டிஸ்க்கே சில சமயம் இதை விட வேகமா எழுதும்! நல்ல டிஎல்சி என்விஎம்இல கேஷ் தீந்த பிறகும் பல நூறு எம்பி, சிலதுல 1000க்கு மேலயும் கிடைக்கும்.

இன்னொண்ணு, இப்போ வர்ற நிறைய டிரைவ்ல கேஷ் அளவு காலி இடத்தைப் பொறுத்தது. புதுசுல டிரைவ் காலியா இருக்கறப்போ ரிவ்யூ பண்ணினா கேஷ் ரொம்பப் பெருசா இருக்கும், 80 சதவீதம் நிரப்பினதும் அது சுருங்கிடும். அதனால ரிவ்யூ படிச்சா, டிரைவ் பாதிக்கு மேல நிரம்பி இருக்கறப்போ எப்படின்னு சோதிச்சிருக்காங்களான்னு தேடுங்க. தொடர்ந்து எழுதற டெஸ்டோட கிராஃப் போட்டிருப்பாங்க, அந்த கோடு எங்க விழுது, விழுந்த பிறகு எங்க நிக்குதுன்னு பாருங்க. அந்த ஒரு படம் மத்த எல்லா நம்பரையும் விட உண்மையைச் சொல்லும்.

அதுக்காக க்யூஎல்சி வேண்டவே வேண்டாம்னு சொல்லல. கேம் இன்ஸ்டால் பண்ணி வைக்க, படம், போட்டோ வச்சுப் படிக்க மட்டும்னா நல்லாவே ஓடும். விண்டோஸ் போடற ஒரே டிரைவ்னா டிஎல்சிக்கு போங்க.

டிரேம் இல்லாத டிரைவ் மோசமா?

சாட்டால ஆமா, என்விஎம்இல அப்படி இல்ல. எந்த டேட்டா எந்த செல்லுல இருக்குன்னு டிரைவ் ஒரு பெரிய பட்டியல் வச்சிருக்கும், 1 டிபிக்கு அந்த பட்டியலே 1 ஜிபி பக்கம் வரும். டிரேம் இருந்தா பட்டியல் அதுல உக்காந்திருக்கும், இல்லன்னா ஃபிளாஷ்லயே தேடணும், அது மெதுவு. என்விஎம்இல எச்எம்பின்னு ஒரு வசதி இருக்கு, கம்ப்யூட்டரோட ரேம்ல இருந்து ஒரு சின்ன பகுதியை, வழக்கமா 64 எம்பி மாதிரி, டிரைவ் கடன் வாங்கிக்கும். அடிக்கடி தேவைப்படற பட்டியல் துண்டு அதுல இருந்தா போதும், சாதாரண உபயோகத்துல வித்தியாசமே தெரியாது. விண்டோஸ் 10, 11 ரெண்டுமே இதை சப்போர்ட் பண்ணுது. சாட்டால இந்த வசதி கிடையாது, அதனால சாட்டா வாங்கினா டிரேம் இருக்கறதா தேடி வாங்குங்க.

டேட்டாபேஸ் ஓட்டறவங்க, நாலஞ்சு விர்ச்சுவல் மெஷின் ஒண்ணா ஓட்டறவங்க என்விஎம்இலயும் டிரேம் இருக்கறதுக்கே போகலாம்.

டிபிடபிள்யூ எவ்ளோ இருக்கணும்? எஸ்எஸ்டி சீக்கிரம் தேஞ்சுடும்னு சொல்றாங்களே?

டிபிடபிள்யூங்கறது வாரண்டி காலத்துல எவ்ளோ டெராபைட் எழுதலாம்னு கம்பெனி கொடுக்கற வாக்கு. 600 டிபின்னா 5 வருஷத்துக்கு தினமும் 328 ஜிபி எழுதணும் அது தீர. ஆபீஸ் வேலை, பிரவுசிங், கேம்னு இருக்கறவங்க தினம் 50 ஜிபி கூட எழுத மாட்டாங்க. க்ரூஷியல் பி3 1 டிபி க்யூஎல்சி டிரைவ், அதுக்கு 220 டிபிதான், அதையே தினம் 50 ஜிபின்னு வகுத்தா 12 வருஷம் வருது. அந்த எண்ணைத் தாண்டினதும் டிரைவ் செத்துடும்னும் இல்ல, வாரண்டி முடியும், அவ்ளோதான்.

அப்போ ஏன் பாக்கணும்? கம்பெனிக்கு தன்னோட ஃபிளாஷ் மேல எவ்ளோ நம்பிக்கைங்கறது அதுல தெரியும். ஸ்பெக் ஷீட்ல டிஎல்சியா க்யூஎல்சியான்னு எழுதாம விட்டிருந்தா இந்த நம்பர் காட்டிக் கொடுத்துடும். 1 டிபிக்கு 600னா பெரும்பாலும் டிஎல்சி, 200, 300ன்னா சந்தேகப்படுங்க. 5 வருஷ வாரண்டியா 3 வருஷமான்னும் கூடவே பாருங்க.

வீடியோ எடிட்டிங், தினமும் கேமரா ஃபுட்டேஜ் எறக்கறது, சிசிடிவி ரெக்கார்டிங் மாதிரி வேலைனா கணக்கு வேற, உங்க தினசரி அளவை நீங்களே வகுத்துப் பாத்துக்கோங்க.

ஒரே மாடல், ஆனா உள்ள சாமான் வேறன்னு சொல்றாங்களே, அது நெஜமா?

நெஜம், இது எனக்கு ரொம்பவே கோவம் வர்ற விஷயம். 2021ல இது வரிசையா வெளிய வந்துச்சு. டபிள்யூடி ப்ளூ எஸ்என்550ல ஃபிளாஷை மாத்தினாங்க, கேஷ் தீந்த பிறகு எழுதற வேகம் 610 எம்பில இருந்து 390க்கு வந்துச்சு, இனிமே இப்படி மாத்தினா புது மாடல் நம்பர் போடறோம்னு அப்புறம் கம்பெனி சொல்லுச்சு. க்ரூஷியல் பி2 டிஎல்சியா வந்துட்டு பாதில க்யூஎல்சியா மாறிடுச்சு. சாம்சங் 970 எவோ ப்ளஸ்ல கன்ட்ரோலரே (டிரைவை நடத்தற சிப்) மாறுச்சு, அதுல கேஷ் பெருசாச்சு, ஆனா கேஷ் தாண்டின வேகம் பாதிக்குப் பக்கமா கொறஞ்சுது. டப்பால பேர் அதேதான். முதல் மாசம் வந்த டிரைவை ரிவ்யூ பண்ணி எழுதினதை நம்பி ரெண்டு வருஷம் கழிச்சு ஒருத்தர் வாங்கறார், அவருக்குக் கிடைக்கறது அந்த டிரைவே இல்ல, இது நியாயமே இல்ல.

நாம செய்யக்கூடியது என்னன்னா, சமீபத்துல வாங்கினவங்க எழுதினதைப் படிங்க, பழைய ரிவ்யூவை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. ஃபிளாஷ் வகையை ஸ்பெக் ஷீட்ல எழுத்துல போட்டிருக்கற மாடலுக்கு முன்னுரிமை குடுங்க, எழுதிட்டா மாத்தறது அவங்களுக்கு கஷ்டம். சாம்சங், மைக்ரான், எஸ்கே ஹைனிக்ஸ், கியாக்ஸியா மாதிரி கம்பெனிங்க ஃபிளாஷை சொந்தமாவே தயாரிக்கிறாங்க, மத்த பிராண்டுங்க வெளில வாங்கிப் போடறதால கிடைக்கறதைப் பொறுத்து உள்ள மாறற வாய்ப்பு கூட. சொந்தமா தயாரிக்கிறவங்களும் மாத்தியிருக்காங்கங்கறது மேல சொன்னதுலயே தெரியும், அதனால பேரைப் பாத்து மட்டும் கண்ணை மூடி வாங்க வேண்டாம்.

500 ஜிபி போதுமா, 1 டிபி எடுக்கணுமா?

ஜென் 4 500 ஜிபியா, ஜென் 3 1 டிபியான்னு வந்தா 1 டிபி எடுங்க. இடம் இருக்கறதுதான் நாளைக்கு உதவும். பெரிய டிரைவ்ல சிப் உள்ள நிறைய அடுக்கு ஒரே நேரத்துல வேலை செய்யறதால எழுதற வேகமும் கூட, கேஷும் பெருசு, டிபிடபிள்யூவும் வழக்கமா ரெட்டிப்பு. எப்பவும் 10ல இருந்து 20 சதவீதம் காலியா விடணும்ங்கறதையும் கணக்குல வச்சுக்கோங்க, முழுக்க நிரப்பினா எந்த எஸ்எஸ்டியும் திணறும். அப்புறம் 1 டிபி வாங்கினா விண்டோஸ்ல 931 ஜிபின்னுதான் காட்டும், ஏமாத்தல, அவங்க 1000த்தால கணக்குப் போடறாங்க, விண்டோஸ் 1024ஆல போடுது.

ஹீட் சிங்க் (சூட்டை வெளியேத்தற உலோகத் தகடு) வேணுமா?

மிட் ரேஞ்ச் டிரைவுக்கு பெரும்பாலும் வேண்டாம். டெஸ்க்டாப் போர்டோட வந்திருந்தா மாட்டிடுங்க, அந்த தெர்மல் பேட் மேல இருக்கற பிளாஸ்டிக் தாளை உரிச்சிட்டு மாட்டுங்க! லேப்டாப்ல தனியா வாங்கி ஒட்டறதுக்கு முன்னாடி மூடி மூடுமான்னு பாருங்க.

வாங்கினதும் எப்படி சோதிக்கிறது?

திருப்பிக் கொடுக்கற காலம் முடியறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிடுங்க. முதல்ல கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோங்கற சாஃப்ட்வேர் போட்டுப் பாருங்க, புது டிரைவ்ல ஓடின மணி நேரமும் எழுதின அளவும் பூஜ்யம் பக்கம் இருக்கணும், நூத்துக்கணக்குல மணி நேரம் ஓடியிருந்தா அது ஏற்கனவே யாரோ பயன்படுத்தினது. அதே இடத்துல எந்த லிங்க் ஸ்பீடுல ஓடுதுன்னும் காட்டும், ஜென் 4 டிரைவ் ஜென் 4 ஸ்லாட்ல இருந்தும் ஜென் 3ன்னு காட்டினா கழட்டி மறுபடி அழுத்தி மாட்டுங்க, பயாஸ்லயும் பாருங்க. அப்புறம் வேகத்தை அளக்கற கிறிஸ்டல் டிஸ்க் மார்க்ல ஒரு ரன், வர்ற நம்பர் ஸ்பெக்குக்கு பக்கத்துல இருந்தா சரி.

கடைசியா இன்னொரு டிரைவ்ல இருந்து 100 ஜிபிக்கு மேல ஒரே மூச்சுல காப்பி பண்ணிப் பாருங்க, படிக்கற பக்கமும் வேகமான டிரைவா இருக்கணும், இல்லன்னா அதோட வேகத்தைத்தான் அளந்துட்டு இருப்பீங்க. பேர் தெரியாத பிராண்ட்னா முழு கொள்ளளவுக்கும் எழுதி திரும்பப் படிச்சு சரிபாக்கற எச்2டெஸ்ட்டபிள்யூ மாதிரி டூல் ஓட்டுங்க, 2 டிபின்னு காட்டிட்டு உள்ள சின்ன சிப்பை வச்சு விக்கற போலிங்க அதுல மாட்டிக்கும். டிரைவோட ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தா டேட்டா போடறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க.

குளோன் பண்றதா (பழைய டிஸ்க்கை அப்படியே காப்பி எடுக்கறது), ஃப்ரெஷ்ஷா விண்டோஸ் போடறதா?

நேரம் இருந்தா ஃப்ரெஷ்ஷா போடுங்க, பல வருஷக் குப்பை போயிடும். குளோன் பண்றதும் தப்பில்ல, எஸ்எஸ்டி கம்பெனிங்க நிறைய பேர் இலவச குளோன் டூல் தர்றாங்க, குளோன்ஜில்லாவும் இருக்கு. எதைப் பண்ணினாலும் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டற விண்டோஸ் என்கிரிப்ஷன்) ஆன்ல இருக்கான்னு முதல்ல பாருங்க, பல புது லேப்டாப்ல தானாவே ஆன் ஆகியிருக்கும், ரிகவரி கீயை எழுதி வச்சுக்காம டிரைவை மாத்தினா பழைய டிரைவ்ல இருக்கற டேட்டாவைத் தொறக்க முடியாம நிப்பீங்க. குளோன் முடிஞ்சதும் புது டிரைவ்ல இருந்து மட்டும் பூட் பண்ணிப் பாத்து, சில நாள் ஓட்டின பிறகு பழையதை அழிங்க.

டிஃப்ராக் (சிதறின ஃபைல் துண்டுகளை வரிசையா அடுக்கறது) பண்ணலாமா?

நீங்களா எதுவும் பண்ண வேண்டாம். விண்டோஸ்ல ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்னு இருக்கறது எஸ்எஸ்டின்னு தெரிஞ்சா ட்ரிம் (அழிச்ச ஃபைலோட இடம் இனி வேண்டாம்னு டிரைவுக்குச் சொல்ற) கமாண்ட் அனுப்பும், வாராவாரம் தானா நடக்கும். அதை ஆஃப் பண்ணாதீங்க.

எஸ்எஸ்டி திடீர்னு போயிடுமாமே?

போகலாம். ஹார்ட் டிஸ்க் பல சமயம் சத்தம் போட்டு, மெதுவாகி, ஒரு எச்சரிக்கை கொடுத்துட்டுப் போகும். எஸ்எஸ்டில கன்ட்ரோலர் போனா ஒரு நொடி முன்னாடி வரைக்கும் நல்லா இருந்துட்டு அடுத்த நொடி பயாஸ்லயே காணாமப் போயிடும். ஹெல்த் 100 சதவீதம்னு காட்டறது செல் தேய்மானத்தைத்தான், கன்ட்ரோலரைப் பத்தி அது ஒண்ணும் சொல்லாது. ட்ரிம் இருக்கறதால தப்பா அழிச்ச ஃபைலையும் ஹார்ட் டிஸ்க்ல மாதிரி மீட்டு எடுக்க முடியாது. அதனால பேக்கப் இல்லாம குடும்ப போட்டோவையோ வேலை ஃபைலையோ இதுல மட்டும் வைக்காதீங்க, தயவு செஞ்சு. மிட் ரேஞ்ச் டிரைவ் எடுத்து மிச்சம் பிடிக்கற காசை ஒரு பேக்கப் டிஸ்க்குக்குப் போடறதுதான் உயர்ரக டிரைவுக்குப் போறதை விட நல்ல முடிவுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

பேக்கப்பை எஸ்எஸ்டில எடுத்து வருஷக்கணக்கா அலமாரில வைக்கறதும் வேண்டாம். பவர் இல்லாம கிடந்தா செல்லுல இருக்கற சார்ஜ் கொஞ்சம் கொஞ்சமா கசியும், அதுவும் நல்லா தேஞ்ச டிரைவ்ல, சூடான எடத்துல இன்னும் வேகமா. அந்த வேலைக்கு ஹார்ட் டிஸ்க்தான் நல்லது.

கழட்டின பழைய டிஸ்க்கை என்ன பண்றது?

2.5 இன்ச் டிஸ்க்னா ஒரு யுஎஸ்பி கேஸ்ல போட்டு மேல சொன்ன பேக்கப்புக்கே வச்சுக்கலாம், ஹெல்த் நல்லா இருந்தா மட்டும். யாருக்காவது கொடுக்கறதா இருந்தா ஹார்ட் டிஸ்க்ல முழுசா ஒரு தடவை மேல எழுதிடுங்க, க்விக் ஃபார்மட் மட்டும் பத்தாது. கொடுக்கறது பழைய எஸ்எஸ்டின்னா மேல எழுதறதை நம்பாதீங்க, வெளில தெரியாத ஸ்பேர் செல்லுல பழைய டேட்டா தங்கியிருக்கலாம், கம்பெனியோட டூல்லயோ பயாஸ்லயோ இருக்கற செக்யூர் எரேஸ் குடுங்க.